டைட்டனோபோவா டயோரமா: செதில் ஒருவழியாகப் படிந்தது

டைட்டனோபோவா என்ற ராட்சதப் பழங்காலப் பாம்பையும் அதன் காட்டையும் சின்ன அளவில் டயோரமாவாக, அதாவது காட்சி மாதிரியாகச் செய்கிறேன். நான்கு முறை சுரண்டி எறிந்த புட்டிக்கு (கலந்து பிசைந்து வைத்தால் இறுகிவிடும் பசை மாவு) பிறகு, ஐந்தாவது முறை செதில் பாம்புச் செதில் மாதிரியே வந்துவிட்டது. அந்தத் திமிரில்தான் எழுதுகிறேன்.

வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லாரும் “டைனோசர் எங்கே?” என்கிறார்கள். டைனோசர் கூட்டம் அழிந்து 60 லட்சம் ஆண்டுகளாவது கழிந்த காடு இது. கொலம்பியாவின் செரெஹோன் நிலக்கரிச் சுரங்கத்தில் கிடைத்த பாம்பு. முதுகெலும்புகளை வைத்து 2009இல் கணக்குப் போட்டார்கள்: நீளம் சுமார் 13 மீட்டர், எடை 1,135 கிலோ. என் 1:20 அளவில் 65 செ.மீ.

கம்பி, ஃபாயில், முதல் பூச்சு எல்லாம் ஒரே நாளில் முடிந்தன. செதிலுக்குத்தான் ஒரு மாதம். முதலில் ஊசியால் கீறினேன், அன்னாசிப்பழம் வந்தது. அப்புறம் பூண்டு விற்கும் வலைப்பையை இழுத்துப் பிடித்து அழுத்தினேன். நேரான இடத்தில் அற்புதம், வளைவில் சுருங்கிக் கசங்கியது. நேராக வைத்து அச்சிட்டுவிட்டு வளைத்தால் வெளிப்பக்கம் விரிசல். நான்காவது முறை அவசரப்பட்டதில் புட்டி முழுக்க வலையோடு உரிந்து வந்தது.

இப்போது இரண்டு பக்கத்துக்கும் தனித்தனித் துண்டு. வளைவின் வெளிப்பக்கத்தில் வலையை நீளவாக்கில் இழுக்கிறேன், உள்பக்கத்தில் அகலவாக்கில். நிஜப் பாம்பிலும் வெளிப்பக்கச் செதில்கள் விலகி, உள்பக்கம் நெருங்கித்தானே இருக்கும்! இந்த வெயிலில் கலந்து 25 நிமிடம் பொறுக்கணும். விரல் வைத்தால் ரேகை பதியணும், ஒட்டக் கூடாது. டால்கம் பவுடர் தூவி அழுத்திவிட்டு, வலையை மேலே தூக்காமல் வால் பக்கமாக உரியுங்கள். வயிற்றுப் பட்டைகளுக்குப் பழைய ஏடிஎம் கார்டின் விளிம்பே போதும்.

புட்டி வாங்கும்போது கடையிலேயே அமுக்கிப் பாருங்கள். எனக்கு ஒருமுறை கல்லாக இறுகிப்போனதைக் கட்டிவிட்டார்கள்.

ஆசையாக வாங்கிய புல் பாக்கெட் இரண்டு வீணாகக் கிடக்கிறது. புல் இந்தப் பாம்புக்கு முன்பே உண்டு. மகாராஷ்டிராவின் பிஸ்துராவில் டைனோசர் சாணப் புதைபடிவத்திலேயே அதன் தடயம் இருக்கிறது. ஆனால் புல்வெளிகள் பரவ இன்னும் சில கோடி ஆண்டுகள் ஆகும். செரெஹோனில் பனை வகைகள், அவரைக் குடும்பத்து மரங்கள், சேம்பின் உறவுச் செடிகள், எல்லாம் அகல இலை. மெல்லிய காகிதத்தில் இலை வெட்டி வெட்டி விரல் மரத்துப்போகிறது.

அடுத்து அதே காட்டின் கார்போனெமிஸ் ஆமை. அதன் ஓடு 1.72 மீட்டர், என் கணக்கில் 8.6 செ.மீ. சின்னக் கொட்டாங்குச்சி ஒன்றை இப்போதே தேய்த்து வைத்துவிட்டேன். பாம்புக்கு இன்னும் தலை வைக்கவில்லை.