மவுண்ட் ஆடினால்

"ஸ்கோப்பு என்ன விலைக்கும் வாங்கலாம்லா, மவுண்டு ஆடுச்சுன்னா அம்புட்டும் வீணுடே!"

பாளை மார்க்கெட் டீக்கடையில், ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்ற அண்ணாச்சி. ஸ்கோப் என்பது துப்பாக்கியில் குறிபார்க்கும் தொலைநோக்கி; அதைத் துப்பாக்கியோடு பிடித்துவைப்பது மவுண்ட்.

பிஸ்கட் டப்பாவின் மூடியை விரலால் அழுத்திக் காட்டினார். தகடு லேசாக அசைந்தது.

ஏ.கே.-47 போன்ற ஏ.கே. ரகத் துப்பாக்கியின் மேல்மூடியும் இப்படித்தானாம், மெல்லிய தகடு, கழற்றி மாட்டுவது. அதனால்தான் அதில் மவுண்டை பெரும்பாலும் இடது பக்கவாட்டில் பொருத்துகிறார்கள். எம்-4 போன்ற ஏ.ஆர். ரகத்தில் அந்தத் தொல்லை இல்லை, மவுண்டை மாட்டும் 'ரயில்' என்ற பட்டை மேலே உடம்போடே இருக்கும்.

மவுண்டு ஆடி ஸ்கோப் ஒரு டிகிரியில் 60-ல் ஒரு பங்கு சாய்ந்தாலே 100 மீட்டரில் குண்டு சுமார் 3 சென்டிமீட்டர் தள்ளிப் போகும். 300 மீட்டரில் 9.

லென்ஸைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள். மவுண்டை இறுக்கும் திருகாணியைப் பற்றி இவ்வளவு அக்கறையாகப் பேசி நான் கேட்டதில்லை.

நம்ம பக்கத்து பாலிடெக்னிக் பிள்ளைகள் முன்னால் இவரை ஒரு மணி நேரம் பேசவைக்க வேண்டும்.