வரிப்பாக்கி ஏலத்தில் நிலம் எடுத்தால் அந்த 30 நாள்

அமெரிக்காவில் இருக்கும் சொந்தக்காரர்கள் சொல்கிற வரிப்பாக்கி முதலீடு தஞ்சாவூர்ப் பக்கம் கிடையாது. அங்கே அயோவா மாநிலத்தில் அடுத்தவர் பாக்கியைக் கட்டிவிட்டு மாதம் 2% வட்டிக்குக் காத்திருக்கலாம். இங்கே ஜப்தி செய்த நிலத்தையே ஏலம் விடுகிறார்கள், 1864-ஆம் ஆண்டு வருவாய் வசூல் சட்டப்படி.

ஏல நாளுக்கு முதல் நாள் சூரியன் மறைவதற்குள் பாக்கி, வட்டி, செலவு எல்லாம் கட்டிவிட்டால் ஏலமே நிற்கும். நடந்துவிட்டால் கணக்கு வேறு. 20 லட்சத்துக்குக் கேட்டீர்கள் என்றால் அங்கேயே 15%, அதாவது 3 லட்சம் கட்ட வேண்டும். மீதி 17 லட்சத்துக்கு 30 நாள். தவறினால் முன்பணம் பறிபோகலாம்; மறு ஏலமும் உங்கள் பொறுப்பில்தான்.

அதே 30 நாளுக்குள் நிலத்தில் உரிமை உள்ள எவரும் பாக்கி, வட்டி, செலவோடு ஏலத்தொகையில் 5% சேர்த்துக் கட்டி மனுப் போட்டால், 37-ஏ பிரிவின்படி விற்பனை ரத்து. உங்கள் பணம் திரும்பும், கூடவே அந்த 1 லட்சமும். அதற்கு மேல் வட்டி கிடையாது. ஆகவே மீதித் தொகையை முதல் வாரமே கொண்டுபோய்க் கொட்ட அவசரமில்லை. கடைசி நாள் வரை இழுப்பதும் ஆபத்து, பொங்கல் விடுமுறை குறுக்கே வந்தால் யாரும் பொறுப்பேற்க மாட்டார்கள்.

இன்னொரு வழி 38-ஆம் பிரிவு: அறிவிப்பிலோ ஏலத்திலோ முறைகேடு, அதனால் கணிசமான நஷ்டம் என்று காட்டினால் ரத்தாகும். கலெக்டர் ஆபீஸ், தாலுகா ஆபீஸ், பக்கத்துப் போலீஸ் ஸ்டேஷன், நிலம் ஆகிய நான்கு இடத்திலும் ஒரு மாதம் முன்பே நோட்டீஸ் ஒட்டியிருக்க வேண்டும். உட்பிரிவு எண் பிசகியிருந்தால் ஏலத்துக்கே போகாதீர்கள்.

"வரிக்கு விற்ற நிலம் வில்லங்கமில்லாமல் வரும்" என்பதைப் பாதிதான் நம்பலாம். அப்படிச் சொல்லும் 42-ஆம் பிரிவு அந்த நிலத்தின் தீர்வை, அதாவது நிலவரிப் பாக்கிக்கு மட்டும். நஞ்சைத் தீர்வை சொற்பம். அதற்காக யார் நிலத்தை ஏலத்துக்கு விடப்போகிறார்கள்? பெரும்பாலும் விற்பனை வரி மாதிரியான வேறு பாக்கிதான். அப்போது பாக்கிதாரருக்கு என்ன உரிமையோ அதுதான் உங்களுக்கு, அடமானம் உட்பட. கூட்டுப் பட்டாவென்றால் அவர் பங்கு மட்டும்.

டெல்டாவில் முதலில் பார்க்க வேண்டியது குத்தகைதாரர் பதிவேடு. சாகுபடி செய்கிறவர் 1955-ஆம் ஆண்டு சாகுபடிக் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வந்தால், கலெக்டர் உத்தரவு கையில் இருந்தாலும் அவரை எழுப்ப முடியாது. அடங்கலை (கிராமத்துச் சாகுபடிக் கணக்கு) மட்டும் நம்பாமல் நடவு நேரத்தில் வயலுக்குப் போய் யார் இறங்கியிருக்கிறார் என்று பாருங்கள்.

மனு எதுவும் இல்லையென்றால் விற்பனையை உறுதிசெய்து சான்றிதழ் தருவார்கள். அதன் நகல் சார்பதிவாளர் அலுவலகம் போய் முதலாம் புத்தகத்தில், அதாவது அசையாச் சொத்துப் பதிவேட்டில் ஏற வேண்டும். ஏறாவிட்டால் வில்லங்கச் சான்றில் உங்கள் பெயர் வராது. நேரில் போய்க் கேளுங்கள்.