பவர்ஷெல் திறந்தவுடன் எல்லாக் கருவிகளும் வேண்டுமா?

ஆக்டிவ் டைரக்டரி (அலுவலகப் பயனர் கணக்குகள்), எக்ஸ்சேஞ்ச் ஆன்லைன் (மின்னஞ்சல்), விஎம்வேர் (மெய்நிகர் கணினிகள்) மூன்றையும் ஒருவரே பராமரிக்கும்போது, அவற்றுக்கான கட்டளைகள் அனைத்தும் கட்டளைகளைத் தட்டச்சு செய்து இயக்கும் கருவியான பவர்ஷெல்லின் ஒரே சாளரத்தில் கிடைக்க வேண்டும் என்று விரும்புவது இயல்பு. அதற்கு உதவுவது ப்ரொஃபைல் கோப்பு. பவர்ஷெல் தொடங்கும்போதெல்லாம் தானாக இயங்கும் ஸ்கிரிப்ட் அது. விண்டோஸோடு வரும் 5.1 பதிப்பும் தனியாக நிறுவப்படும் 7ஆம் பதிப்பும் வெவ்வேறு கோப்புறைகளில் இதைத் தேடுவதால், ஒன்றில் எழுதியது மற்றொன்றில் செயல்படாது. எந்த ஸ்கிரிப்ட் இயங்கலாம் என்பதைத் தீர்மானிக்கும் எக்ஸிக்யூஷன் பாலிசி ஒரு பதிப்பில் ஸ்கிரிப்ட்டுகளைத் தடுத்திருந்தால் அங்கே ப்ரொஃபைலும் செயல்படாது.

பலருடைய ப்ரொஃபைலைத் திறந்தால், மாட்யூல் எனப்படும் கட்டளைத் தொகுப்புகளை ஏற்றும் இம்போர்ட்-மாட்யூல் வரிகளே நிறைந்திருக்கும். அவற்றில் பெரும்பாலானவை இன்று தேவையற்றவை என்பது என் கருத்து. 2012இல் வெளிவந்த 3.0 பதிப்பு முதல், மாட்யூல் உரிய கோப்புறையில் இருந்தால் போதும். அதன் கட்டளை ஒன்றை அழைத்தவுடன் பவர்ஷெல் அதைத் தானே ஏற்றிக்கொள்கிறது. முன்கூட்டியே ஏற்றுவதால் மிஞ்சுவது காத்திருப்பு மட்டுமே. ஆக்டிவ் டைரக்டரி மாட்யூல் ஏறும்போதே, ஆக்டிவ் டைரக்டரியை இயக்கும் சர்வரான டொமைன் கண்ட்ரோலரைத் தொடர்புகொண்டு ஒரு டிரைவை உருவாக்க முயல்வதால், அலுவலக நெட்வொர்க்குக்கு வெளியே இருக்கும் மடிக்கணினியில் அந்த ஒரு வரியே பொறுமையைச் சோதிக்கும். ஏடிபிஎஸ்_லோட்டிஃபால்ட்டிரைவ் என்ற சூழல் மாறியில் 0 என்று வைத்தால் அந்த முயற்சி நின்றுவிடும். ப்ரொஃபைலில் இடம்பெறத் தகுதியான வரி என்று இதைத்தான் சொல்வேன்.

எக்ஸ்சேஞ்ச் ஆன்லைனுக்கும் விஎம்வேரின் நிர்வாக சர்வரான விசென்டருக்கும் மாட்யூல் ஏறினால் மட்டும் போதாது, உள்நுழையவும் வேண்டும். ஆகவே ஒவ்வொன்றுக்கும் இரண்டெழுத்துப் பெயரில் ஒரு ஃபங்ஷன் எழுதி, இணைப்புக்கான கட்டளையை அதனுள் வைத்திருக்கிறேன். தேவைப்படும் நாளில் அந்தப் பெயரைத் தட்டினால் இணைப்பு கிடைக்கும், மற்ற நாட்களில் அது குறுக்கே வராது. கடவுச்சொல்லை அந்தக் கோப்பில் எழுதி வைப்பதை எந்த வசதிக்காகவும் ஏற்க முடியாது. நிர்வாகி உரிமையோடு திறந்த சாளரத்தில், கட்டளைக்கு முன் தெரியும் பிராம்ப்ட் சிவப்பாகத் தெரியும்படி செய்திருப்பது, கருவிகளோடு தொடர்பில்லாவிட்டாலும், மிகவும் பயன்படுகிறது.

ப்ரொஃபைல் ஏற அரை நொடிக்கு மேல் ஆனால் 7ஆம் பதிப்பே அந்த நேரத்தை மில்லிநொடிகளில் அறிவித்துவிடும். குறித்த நேரத்தில் தானாக இயக்கும் டாஸ்க் ஷெட்யூலரில் ஓடும் ஸ்கிரிப்ட்டுகளை மட்டும், ப்ரொஃபைலை ஏற்றாத நோ-ப்ரொஃபைல் தெரிவோடு இயக்குவது நல்லது. நம் ப்ரொஃபைலில் உள்ள ஃபங்ஷன்களை நம்பி எழுதிய ஸ்கிரிப்ட், வேறொரு சர்வீஸ் கணக்கின்கீழ் ஓடும்போது அவற்றைக் காணாமல் நின்றுவிடும்.