ஈட்டெனில் நான்காவது ஆள்

சாலையின் குறுக்கே ஒரு வளைவு. ‘சாம்பியன்களின் ஊருக்கு வருக’ என்று அதில் ஆங்கிலத்தில் எழுதியிருக்கிறது. வரவேற்பு வளைவுகளை நம்பி ஏமாந்த அனுபவம் நம் எல்லோருக்கும் உண்டு. ஆனால் கென்யாவின் ஈட்டெனில் அந்த வளைவை நெருங்குவதற்குள்ளாகவே முப்பது நாற்பது பேர் எங்கள் வேனை எதிர்கொண்டு ஓடிவந்தார்கள். யாரும் பேசவில்லை. காலடிச் சத்தம் மட்டும் மழை போலக் கேட்டது. ஓட்டுநர் ஹாரன் அடிக்காமல் ஓரம் ஒதுங்கி நின்றார். இந்த ஊரில் வண்டிதான் வழிவிடுகிறது.

நைரோபியிலிருந்து எல்டொரெட் வரை விமானம். அங்கிருந்து முப்பது கிலோமீட்டருக்குச் சற்று அதிகமான தொலைவு, மத்தாத்து என்று அவர்கள் சொல்லும் வேனில். அதற்குமேல் வழியைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. பாதி வழி தூங்கிவிட்டேன்.

என்னோடு வந்தவன் என் பள்ளிக்காலப் பகையாளி. உயர்நிலை வகுப்புகள் முழுவதும் கிராஸ் கன்ட்ரியில், அதாவது மேடு பள்ளம் தாண்டி ஓடும் நெடுந்தூர ஓட்டத்தில், அவன் முதலிடம், நான் இரண்டாமிடம். எப்போதாவது அது மாறும். மாறிய வருடத்தை நான் இன்றும் பேச்சில் இழுத்துவிடுவேன். அன்று தனக்குக் காய்ச்சல் என்று அவன் இன்றும் சொல்வான். பள்ளிக்குப் பின்னால் ஏரிக்கரையில் தொடங்கி, வரப்பில் ஏறி, முள்காட்டை ஒட்டித் திரும்பும் பாதை அது. பரிசாகக் கிடைத்த எவர்சில்வர் டம்ளர்களை எங்கள் இரண்டு வீடுகளிலும் எண்ணி வைத்திருந்தார்கள். அந்தப் பகை எந்த இடத்தில் நட்பாகத் திரும்பியது என்று தெரியவில்லை. ஐம்பதை நெருங்கும் வயதில், “ஈட்டெனுக்குப் போவோமாடா?” என்று முதலில் கேட்டவன் அவன். இதிலும் நான் இரண்டாமிடம்தான்.

ஈட்டென் கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,400 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஊட்டியைவிடவும் மேலே. ஒரு பக்கம் சோள வயல்களும் செம்மண் பாதைகளுமாக மேட்டுநிலம். மறுபக்கம் கெரியோ பள்ளத்தாக்கு, ஆயிரம் மீட்டருக்கும் மேல் செங்குத்தாக இறங்குகிறது. மூச்சில் கிடைக்கும் ஆக்சிஜன் கடலோரத்தில் கிடைப்பதில் முக்கால் பங்குதான். விடுதியின் மாடிப்படியிலேயே இதை நாங்கள் இருவரும் உணர்ந்தோம். இருவரும் வெளியே காட்டிக்கொள்ளவில்லை.

மறுநாள் விடியற்காலையில் வெளியே வந்தால், இருட்டில் கூட்டம் கூட்டமாக ஓட்டக்காரர்கள். எனக்கு வியப்பளித்தது அவர்களுடைய வேகமல்ல, தொடக்கத்தின் நிதானம். முதல் ஐந்து நிமிடம் ஏறக்குறைய நடை. உலக மாரத்தான்களில் பரிசு வாங்கியவர்களும் அந்தக் கூட்டத்தில் இருப்பார்கள். யாருக்கும் முந்திக்கொள்ளும் அவசரம் இல்லை. “போலே போலே” என்றார் பக்கத்தில் வந்த ஒருவர். மெதுவாக, மெதுவாக என்பது பொருள். என் நண்பன் அதைக் கேட்டுத் தலையாட்டிவிட்டு வேகத்தைக் கூட்டினான். மனிதர்கள் மாறுவதில்லை.

இந்த ஊரின் கதை பள்ளிக்கூடத்தில்தான் தொடங்குகிறது. செயின்ட் பேட்ரிக்ஸ் உயர்நிலைப் பள்ளியை 1961இல் அயர்லாந்தைச் சேர்ந்த கத்தோலிக்கத் துறவற சகோதரர்கள் தொடங்கினார்கள். 1976இல் அங்கே புவியியல் கற்பிக்க வந்தவர் பிரதர் காம் ஓ’கானல். தடகளப் பயிற்சியில் அவருக்கு முன் அனுபவம் கிடையாது. அப்போது மாணவர்களுக்கு ஓட்டம் கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்தவர் பீட்டர் ஃபாஸ்டர்; ஒலிம்பிக் பதக்கம் வென்ற பிரிட்டிஷ் வீரர் பிரெண்டன் ஃபாஸ்டரின் சகோதரர். அவர் ஊர் திரும்பியபோது பொறுப்பு புவியியல் ஆசிரியரின் தலையில் விழுந்தது. பி.டி. ஆசிரியர் விடுப்பில் போனால் கணக்கு ஆசிரியர் விசில் ஊதும் பள்ளியில் படித்த எனக்கு இது மிகவும் பிடித்த பகுதி.

வாசலில் கையெழுத்துப் போட்டுவிட்டு உள்ளே போனோம். உலக அளவில் வென்ற பழைய மாணவர்களுக்காக நட்ட மரங்கள் வளாகத்தில் நிற்கின்றன. சிலை வைக்காமல் மரம் நட்டது நல்ல புத்தி என்று எனக்குத் தோன்றியது. கீழே உட்கார நிழலாவது மிஞ்சுகிறது. நாங்கள் உட்கார்ந்திருந்த நேரத்தில் மதிய மணி அடித்தது. சீருடைப் பையன்கள் சாப்பாட்டுக்கு ஓடினார்கள். அந்த ஓட்டம் உலகெங்கும் ஒன்றுதான்.

அந்த மரங்களுக்கிடையே நான் மனதில் தேடிப்போன பெயர் பீட்டர் ரோனோ. 1986இல் ஏதென்ஸில் முதல் உலக ஜூனியர் தடகளப் போட்டி நடந்தது. 1500 மீட்டரில் ரோனோவுக்கு வெள்ளி. அவரை முந்தித் தங்கம் வென்றவர் இன்னொரு கென்ய இளைஞர். அதாவது, உலகத்தில் இரண்டாவது. சொந்த நாட்டிலும் இரண்டாவது. இந்த நிலைமையின் எரிச்சல் எனக்கு நன்றாகத் தெரியும், அளவு மட்டும் வேறு. இரண்டு ஆண்டுகள் கழித்து, 1988 சோல் ஒலிம்பிக்கின் 1500 மீட்டர் இறுதிப்போட்டியில் பிரிட்டனின் பீட்டர் எலியட், ஸ்டீவ் கிராம் என்று பெரிய பெயர்கள். ரோனோவுக்கு வயது 21. பாதி தூரத்தில் முன்னுக்கு வந்தவர் கடைசிவரை யாரையும் தாண்டவிடவில்லை. 3 நிமிடம் 35.96 விநாடி, தங்கம். எலியட் வெள்ளி, கிராம் பதக்கமில்லாமல் நான்காவது.

அடுத்தது 800 மீட்டர். இதே பள்ளியில் படித்து, பிறகு டென்மார்க்கிற்காக ஓடிய வில்சன் கிப்கேடர் 1997இல் 1:41.11 என்று உலக சாதனை படைத்தார். பதிமூன்று ஆண்டுகள் நின்ற அந்தச் சாதனையை 2010இல் உடைத்தவர் டேவிட் ருடிஷா. இவருக்கும் பயிற்சி கொடுத்தவர் பிரதர் காம். 2012 லண்டன் ஒலிம்பிக்கில் ருடிஷா 1:40.91 ஓடியபோது, ஒரே ஆசிரியரின் இரு மாணவர்களுக்கிடையே நடந்த போட்டியைத்தான் உலகம் பார்த்துக்கொண்டிருந்தது என்று சொல்லலாம். இருவரும் ஒரே காலத்தில் ஓடியிருந்தால்? அன்றிரவு சாப்பாட்டு மேசையில் நாங்கள் இதற்காக ஒரு மணி நேரம் சண்டை போட்டோம். நான் கிப்கேடர் பக்கம். சாதனையை இழந்தவர் என்பதால் இருக்கலாம்.

பெண்களைப் பற்றிச் சொல்லாவிட்டால் கதை பாதிதான். பள்ளத்தாக்குக்கு அப்பால் தெரிவது பாரிங்கோ. அங்கே பிறந்த லிடியா செரோமேய், 1991இல் பெல்ஜியத்தின் ஆண்ட்வெர்ப்பில் நடந்த உலக கிராஸ் கன்ட்ரி ஜூனியர் பிரிவில் வென்றபோது வயது 13. எட்டாம் வகுப்பு வயது. அந்த வயதில் நான் ஷூ லேஸ் அவிழ்ந்ததற்காக நின்று அழுதவன்.

நாங்கள் போனது பிப்ரவரி. கென்யப் பள்ளிகளில் ஜனவரியில் புதிய ஆண்டு தொடங்கும். முதல் பருவத்தில் கிராஸ் கன்ட்ரி. பக்கத்தில் ஒரு மேய்ச்சல் நிலத்தில் பள்ளிகளுக்கு இடையிலான போட்டி நடப்பதாக விடுதிக்காரர் சொன்னார். இந்தப் பயணத்தில் நான் பார்த்தவற்றில் இதற்கு இணையாக வேறெதுவும் இல்லை.

சுண்ணாம்புக் கோடு கிழித்த இடத்தில் நூறுக்கு மேற்பட்ட பையன்கள். பாதிப் பேர் காலில் எதுவும் இல்லை. ஒருவன் காலில் ஸ்பைக்ஸ் என்னும் ஆணி வைத்த ஷூ, இன்னொருவன் காலில் இடமும் வலமும் வேறுவேறு ஷூ. விசில் ஊதியதும் அத்தனை பேரும் ஒரே குறுகிய இடைவெளியை நோக்கிப் பாய்ந்தார்கள். அந்த முதல் இருநூறு மீட்டரைப் பார்த்தவுடன் என் முழங்கைகள் தாமாக விரிந்தன. கிராஸ் கன்ட்ரியில் முதல் முனை திரும்புவதற்குள் இடம் பிடிக்காவிட்டால் பிறகு நூறு முதுகுகளைத் தாண்டியாக வேண்டும். தொலைக்காட்சியில் இதெல்லாம் தெரியாது. நேரில் தூசி, வியர்வை, மோதல், அடக்கிக்கொண்ட திட்டு எல்லாம் தெரியும்.

இரண்டு பையன்கள் ஆரம்பத்திலிருந்தே தனியாகப் பிரிந்துவிட்டார்கள். ஒரே பள்ளியின் பனியன், மஞ்சள் நிறம். உயரமானவன் முன்னால், குட்டையானவன் சரியாக இரண்டு அடி பின்னால், முன்னவனின் வலது தோளைப் பார்த்தபடி. ஏற்றத்தில் குட்டையானவன் நெருங்குவான், இறக்கத்தில் உயரமானவன் பிரிவான். ஒவ்வொரு சுற்றிலும் இதே பேரம். என் நண்பன் என்னைத் திரும்பிப் பார்த்தான். நான் வயலைப் பார்த்தேன். கடைசி ஏற்றத்தில் குட்டையானவன் முந்தினான், கோட்டை முதலில் தொட்டான். நான் கைதட்டிய வேகத்தைப் பார்த்துப் பக்கத்திலிருந்த குழந்தைகள், “முகிந்தி, முகிந்தி” என்று சிரித்தார்கள். இந்தியனுக்கு அங்கே அதுதான் பெயர்.

ஆனால் மஞ்சள் பள்ளிக்குக் கோப்பை கிடைக்கவில்லை. முடிவுக் கோட்டைத் தாண்டியதும் கயிறு கட்டிய குறுகிய வழியில் பையன்கள் வரிசையாக வருகிறார்கள். ஓர் ஆசிரியை ஒவ்வொருவன் உள்ளங்கையிலும் மார்க்கரால் எண்ணை எழுதுகிறார். பள்ளியின் முதல் நால்வரின் எண்களைக் கூட்டவேண்டும். கூட்டுத்தொகை எந்தப் பள்ளிக்குக் குறைவோ அதற்கே கோப்பை. மஞ்சளுக்கு 1, 2, 8, 19. மொத்தம் 30. நீலச் சட்டைப் பள்ளிக்கு 4, 5, 7, 9. மொத்தம் 25. முதல் இரண்டு இடங்களையும் வாங்கிவிட்டுத் தோற்ற மஞ்சள் பையன்கள் தங்கள் உள்ளங்கைகளை ஒட்டிப் பிடித்து மறுபடியும் கூட்டிப்பார்த்துக்கொண்டிருந்தார்கள். உள்ளங்கையில் 9 எழுதப்பட்ட நீலச் சட்டைக்காரனைத் தோளில் தூக்கிக்கொண்டு அவன் பள்ளி மைதானத்தைச் சுற்றியது.

கென்யாவின் பலமே இந்தக் கணக்கில்தான் இருக்கிறது. 1986 முதல் 2003 வரை உலக கிராஸ் கன்ட்ரியில் ஆண்கள் அணிப் பட்டம் தொடர்ந்து பதினெட்டு முறை அவர்களுக்கே. 1988இல் ஆக்லாந்தில் முதல் ஒன்பது இடங்களில் எட்டு கென்யாவுக்கு. அப்போது ஆறு பேரின் இடங்களைக் கூட்டுவார்கள்; ஆறு பேருக்குக் கிடைக்கக்கூடிய மிகக் குறைந்த தொகை 21, அவர்கள் எடுத்தது 23. நடுவில் நுழைந்த ஒரே வெளியாள் ஓர் எத்தியோப்பியர். ஜான் நுகூகி, பால் டெர்காட் இருவரும் தலா ஐந்து முறை தனிநபர் பட்டம் வென்ற மகாவீரர்கள்தான். ஆனாலும் அணிப் பட்டத்தை ஒரு மகாவீரரால் மட்டும் வாங்க முடியாது. பின்னால் வருகிறவன் எத்தனையாவது என்பதே கேள்வி.

திரும்பும் வழியில் நண்பன் கேட்டான்: “நாம் மாவட்டக் கோப்பை வாங்கினோமே, அந்த வருடம் நம் நான்காவது ஆள் யார்?” எனக்குத் தெரியவில்லை. அவனுக்கும் தெரியவில்லை. மூன்றாவது ஆளின் பெயரைக்கூடச் சிரமப்பட்டுத்தான் கண்டுபிடித்தோம். எங்கள் பழைய பி.டி. ஆசிரியருக்கு விடுதியிலிருந்து போன் போட்டோம். எண்பதைத் தொடும் வயது. எங்கிருந்து பேசுகிறோம் என்று சொன்னதற்கு அவர் பெரிதாக வியக்கவில்லை. கேள்வியைக் கேட்டதும் ஒரு நொடியும் தயங்காமல் பெயரைச் சொன்னார், அவன் அப்பா செய்த வேலையைச் சொன்னார், பதினொன்றாவதாக வந்தான் என்றும் சொன்னார். கடைசி நூறு மீட்டரில் மூன்று பேரைத் தாண்டியிருக்கிறான். தாண்டாவிட்டால் கோப்பை பக்கத்துப் பள்ளிக்கு.

“சார், எங்கள் டைமிங் நினைவிருக்கிறதா?” என்று நண்பன் கேட்டான்.

“உங்கள் இருவர் டைமிங்கை நான் ஏன்டா நினைவில் வைக்க வேண்டும்? நீங்கள் எப்படியும் முதல் இரண்டு. எனக்குத் தூக்கத்தைக் கெடுத்தவன் அவன்தான்” என்றார்.

வியாழக்கிழமை காலை ஃபார்ட்லெக், வேகத்தை மாற்றி மாற்றி ஓடும் பயிற்சி. ஈட்டெனுக்குப் போகிறவர்கள் இதைத் தவறவிடக் கூடாது. ஒன்பது மணியளவில் ஊருக்கு வெளியே மண்சாலைச் சந்திப்பில் இருநூறு பேர்வரை கூடுகிறார்கள். ஒருவர் குரல் உயர்த்தி அன்றைய திட்டத்தை அறிவிக்கிறார்: ஒரு நிமிடம் வேகம், ஒரு நிமிடம் நிதானம், இத்தனை முறை. யார் வேண்டுமானாலும் சேரலாம், கட்டணமில்லை. நூற்றுக்கணக்கான கைக்கடிகாரங்கள் ஒரே நேரத்தில் ‘பீப்’ என்கின்றன. அடுத்த கணம் அந்தக் கூட்டம் செம்புழுதிக்குள் மறைந்துவிடுகிறது. நாங்கள் அவர்களோடு இருந்தது முதல் பீப் வரை.

போகிறவர்களுக்கு இரண்டு யோசனைகள். முதல் இரண்டு மூன்று நாள் ஓடாதீர்கள், நடந்து பழகுங்கள். உயரம் யாருக்கும் சலுகை காட்டாது. மார்ச் முதல் மே வரை பெருமழைக் காலம், செம்மண் பாதை சேறாகிவிடும். அதற்கு முன்பே போய்வருவது நல்லது.

ஃபார்ட்லெக்கின் முடிவில் விடுதிக்குத் திரும்பும் ஏற்றத்தில் சாலை காலியாக இருந்தது. அவன் என்னைப் பார்த்தான், நான் அவனைப் பார்த்தேன். யாரும் எதுவும் சொல்லவில்லை, இருவரும் ஓடினோம். வாசல் கதவை முதலில் தொட்டவன் அவன்தான். ஆனால் பாதி ஏற்றத்தில் ஒரு கழுதை வண்டி குறுக்கே வந்தது, அது என் பக்கமாக வந்தது. இதையும் சேர்த்தே எழுதவேண்டும் என்பது என் நிபந்தனை. வண்டியே வரவில்லை என்பது அவன் வாதம்.