மூன்று கொப்பியும் ஒரு கிணறும்

க.பொ.த. சாதாரண தரப் பரீட்சையில் விஞ்ஞானம் ஒரே பாடம். அதற்குக் கிடைப்பதும் ஒரே பெறுபேறு. ஆயினும் யாழ்ப்பாணத்தில் அந்தப் பாடத்தை ஒரே கொப்பியில் எழுதிப் படித்த மாணவரை நான் கண்டதில்லை. உயிரியலுக்கு ஒன்று, இரசாயனவியலுக்கு ஒன்று, பௌதிகவியலுக்கு ஒன்று என மூன்று கொப்பிகள் இருக்கும். ரியூசனுக்குப் போனால் மூன்று ஆசிரியர்களும் இருப்பார்கள். நானும் அப்படித்தான் படித்தேன். தரம் 11 இன் இரண்டாம் தவணைப் பரீட்சையில் எனக்கு 43 புள்ளிகள் கிடைத்தன. வினாத்தாளைத் திரும்ப எடுத்துப் பார்த்தபோது, படிக்காமல் விட்ட பகுதி என்று சொல்லத்தக்க வினா அதில் ஒன்றுமே இருக்கவில்லை. கிணற்று நீரைப் பற்றிய ஒரு வினாவை எந்தக் கொப்பியில் தேடுவது என்று மனம் தடுமாறியதில்தான் அரைமணி நேரம் போயிருந்தது.

அந்த அரைமணி நேரத்தை நினைவில் வைத்துக்கொண்டுதான், இப்போது தரம் 11 இல் படிக்கும் என் அக்காவின் மகளுக்கு மீட்டலில் உதவத் தொடங்கினேன். பாடநூலை முதல் அலகிலிருந்து மறுபடியும் வாசிக்கும் வழக்கமான முறையை விட்டுவிட்டு, கண்முன்னே உள்ள ஒரு பொருளை எடுத்து, அதைப் பற்றி மூன்று கொப்பிகளும் என்ன சொல்கின்றன என்பதை ஒரே தாளில் எழுதிப் பார்ப்பது என்று முடிவு செய்தோம். புதிதாகக் கற்பதற்கு இம்முறை உதவாது என்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். பாடத்திட்டத்தை ஒருமுறையேனும் படித்து முடித்தவர்களுக்கே இது பயன்படும்.

எடுத்த எடுப்பிலேயே ஒரு வாரம் சொற்களுக்குப் போயிற்று. மருமகள் தொலைபேசியில் தமிழ்நாட்டு ஆசிரியர்களின் காணொளிகளை விரும்பிப் பார்ப்பவள். அவர்கள் நன்றாகத்தான் விளக்குகிறார்கள். சிக்கல் கலைச்சொற்களில் இருக்கிறது. நமது பாடநூலில் திணிவு என்பது ஒரு பொருளில் அடங்கியுள்ள சடப்பொருளின் அளவு. நிறை என்பது அப்பொருளின்மீது புவி பிரயோகிக்கும் ஈர்ப்பு விசை. அங்கோ நமது திணிவை நிறை என்கிறார்கள், நமது நிறையை எடை என்கிறார்கள். நமது கதி அங்கே வேகம். நமது வேகம் அங்கே திசைவேகம். நமது அமுக்கத்தை அவர்கள் அழுத்தம் என்பார்கள். நமக்கோ அழுத்த வேறுபாடு என்றால் மின்சுற்றில் வோல்ற்றுமானியால் அளப்பது. திணிவு 50 கிலோகிராம் எனின் நிறை யாது என்ற வினாவுக்கு அவள் 50 கிலோகிராம் என்றே எழுதியிருந்தாள். ஈர்ப்பு ஆர்முடுகலை 10 எனக் கொண்டால் விடை 500 நியூற்றன். அவள் கேட்டுப் பழகிய பொருளில் பார்த்தால் அவள் எழுதியது சரி; நமது பரீட்சையிலோ புள்ளி இல்லை. வெளியே போவானேன், நமது பாடநூலுக்குள்ளேயே தாக்கம் என்ற சொல் இரசாயனவியலில் ஒன்றையும் நியூற்றனின் மூன்றாம் விதியில் வேறொன்றையும் குறிக்கிறது. இத்தகைய சொற்களைக் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் இரண்டு நிரல்களாக எழுதிக்கொள்ளச் செய்தேன்.

அதன்பின் கிணற்றுக்கு வந்தோம். யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு கிடையாது. ஐப்பசி முதல் மார்கழி வரை பெய்யும் மழை சுண்ணக்கல்லின் வெடிப்புகளினூடாகக் கீழிறங்கி, அடியிலுள்ள உவர்நீரின்மேல் ஒரு வில்லைபோல மிதந்து நிற்கிறது; நாம் அள்ளுவது அந்த வில்லையிலிருந்துதான். அது ஏன் மிதக்கிறது என்ற கேள்விக்கு அடர்த்தி என்ற ஒரு சொல் போதும். ஒரு கன மீற்றர் நன்னீரின் திணிவு 1000 கிலோகிராம், கடல்நீரின் திணிவு ஏறத்தாழ 1025 கிலோகிராம். ஆனால் ஒற்றைச் சொல்லோடு விட்டால் மீட்டல் நடந்ததாகாது. கணித்துப் பார்க்க வேண்டும்.

நன்னீரின் மட்டம் கடல்மட்டத்துக்கு மேலே 1 மீற்றர் உயரத்தில் நிற்கிறது எனக் கொள்வோம். கடல்மட்டத்துக்குக் கீழே அந்த நன்னீர் எவ்வளவு ஆழம் வரை இறங்கியிருக்கும்? வில்லையின் அடியில் நன்னீர் நிரலின் அமுக்கமும் கடல்நீர் நிரலின் அமுக்கமும் சமன். திரவ அமுக்கம் என்பது ஆழம், அடர்த்தி, ஈர்ப்பு ஆர்முடுகல் ஆகிய மூன்றின் பெருக்கம் என்பது தரம் 10 பாடம். இருபுறமும் ஈர்ப்பு ஆர்முடுகல் வெட்டுப்பட்டுவிட, ஆழத்துடன் ஒன்றைக் கூட்டி 1000 ஆல் பெருக்கி வருவது, ஆழத்தை 1025 ஆல் பெருக்கி வருவதற்குச் சமனாகிறது. ஆகவே ஆழத்தின் 25 மடங்கு 1000. ஆழம் 40 மீற்றர். மேலே ஒரு மீற்றருக்குக் கீழே நாற்பது மீற்றர்! நிலத்தடி நீரை ஆய்பவர்கள் இதைக் கைபன்–ஹெர்ஸ்பேர்க் தொடர்பு என்பார்கள். சாதாரண தரத்தில் அந்தப் பெயர் வராது. ஆனால் அதைப் பெறுவதற்கு வேண்டிய அனைத்தும் கையில் இருந்தன என்று அறிந்தபோது அவளது முகத்தில் தெரிந்த மாற்றம், பத்து வினாத்தாள் செய்து முடித்தபோதுகூடத் தெரிந்ததில்லை. கணக்கைத் திருப்பிப் போட்டால், நீரிறைக்கும் மோட்டர் நன்னீர் மட்டத்தை அரை மீற்றர் தாழ்த்திவிட்டால், கீழிருந்து உவர்நீர் காலப்போக்கில் 20 மீற்றர் மேலேறும்.

இரசாயனவியலுக்கு அடுப்படிக்குப் போனால் போதும். எங்கள் கேத்திலின் அடியில் வெள்ளையாகப் படிந்திருப்பது பெரும்பாலும் கல்சியம் காபனேற்று. மழைநீரில் கரைந்த காபனீரொட்சைட்டு அதனை ஒரு மென்னமிலமாக்குகிறது. அந்த அமிலம் சுண்ணக்கல்லைக் கரைத்து, நீரில் கரையும் கல்சியம் இருகாபனேற்றாக மாற்றுகிறது. நீரைக் கொதிக்க வைக்கும்போது அதே தாக்கம் பின்னோக்கி நடந்து, காபனீரொட்சைட்டு வெளியேற, கல்லாக இருந்தது கேத்திலின் அடியில் மீண்டும் கல்லாகிறது. சமன்பாட்டை இருபுறமும் அணுக்கள் சமனாகும்படி எழுதத் தெரிந்தால், வன்னீர் என்ற பகுதியைத் தனியே பாடமாக்க வேண்டியதில்லை.

உயிரியல் இதே கிணற்றின் வாய்க்காலில் இருந்தது. உவர் ஏறிய நீரை இறைத்தால் வெங்காயத்தின் தாள் நுனி கருகும். மண்ணில் நீர் இருந்தும் செடி வாடுவது ஏன் என்றால், மண்ணீரில் உப்பின் செறிவு கூடும்போது வேர்மயிர்க் கலத்துக்குள் பிரசாரணத்தால் நீர் புகுவது தடைப்படுகிறது என்பதே விடை. தோட்டத்துக்குப் போடும் நைதரசன் பசளையில் பயிர் எடுக்காத பங்கு நைத்திரேற்றாகக் கிணற்றைச் சேர்கிறது. குடிநீரில் அது லீற்றருக்கு 50 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல். கைக்குழந்தைகளின் உடலில் அது நைத்திரைற்றாகி, ஈமோகுளோபினிலுள்ள இரும்பை ஒட்சியேற்றி, ஒட்சிசனைக் காவும் ஆற்றலைக் குறைத்துவிடும். இந்த ஒரு வாக்கியத்தில் எத்தனை அலகுகள் வந்துபோகின்றன என்று எண்ணச் சொன்னேன், ஐந்து என்றாள். எனக்கு நான்குதான் தெரிந்திருந்தது.

இரண்டாவது தாளுக்குப் பனையை எடுத்தோம். முட்டியின் உட்புறத்தில் சுண்ணாம்பு பூசிக் கட்டினால் இறங்குவது கருப்பநீர், பூசாமல் கட்டினால் கள். பூசிய சுண்ணாம்பு, இறங்கும் சாற்றைக் காரத்தன்மையாக்குவதால் மதுவம் தொழிற்பட முடிவதில்லை. அது தொழிற்பட்டால் வெல்லம் எதனோலாகவும் காபனீரொட்சைட்டாகவும் மாறுகிறது. அந்த வாயுவைச் சோதிப்பதற்கும் தெளிந்த சுண்ணாம்பு நீரையே எடுக்கிறோம்.

எல்லாவற்றையும் இப்படிக் கிணற்றடியில் படித்துவிட முடியாது. மூலகங்களின் குறியீடுகள், வலுவளவுகள், மின்சுற்றுக் குறியீடுகள், வரைவிலக்கணங்கள் ஆகியவற்றைப் பாடமாக்கத்தான் வேண்டும். அதற்குச் சுற்றுவழி தேடுவது வீண். வரைவிலக்கணத்தைப் பார்க்காமல் எழுதி, பின் பாடநூலோடு ஒப்பிட்டு, விடுபட்ட சொல்லைச் சிவப்புப் பேனையால் சேர்க்க வேண்டும். ஓரலகுப் பரப்பு, ஓரலகு நேரம் போன்ற சொற்கள்தாம் வழக்கமாக விடுபடும். முதலாம் பத்திரத்தின் 40 பல்தேர்வு வினாக்களைச் செய்யும்போது, விடை பிழைத்த வினாவுக்கு அருகில் சரியான விடையின் இலக்கத்தை மட்டும் எழுதிவிட்டுப் போவதால் பயனில்லை. மற்ற மூன்று விடைகள் ஏன் பொருந்தாது என்று ஒவ்வொரு வரி எழுதினால், ஒரு வினா நான்கு வினாவாகிறது. இதற்கு நேரம் அதிகம் பிடிக்கும்; ஆகவே வாரத்துக்கு ஒரு வினாத்தாள் போதும் என்பது என் அபிப்பிராயம்.

சென்ற வாரம் மருமகள் அந்தக் கிணற்றுத் தாளை மறுபடி எடுத்துக்கொண்டு வந்தாள். "மாமா, நாற்பது மீற்றருக்குக் கீழதான் உவர் எண்டால், கடற்கரையில இருக்கிற பெரியம்மா வீட்டுக் கிணறு ஏன் உவராக் கிடக்கு? அது ஆறு மீற்றர்கூட ஆழம் இல்லையே?" என்று கேட்டாள். நான் விடையைச் சொல்லவில்லை. கரையை அண்டிய இடத்தில் நன்னீரின் மட்டம் கடல்மட்டத்துக்கு மேலே ஒரு மீற்றர் நிற்குமா என்று மட்டும் கேட்டேன். சற்று நேரம் யோசித்துவிட்டு, தாளின் ஓரத்தில் 10 சென்ரிமீற்றர் என்று எழுதி, 40 ஆல் பெருக்கி, 4 மீற்றர் என்பதன் கீழே இரண்டு கோடுகள் இழுத்தாள்.