அறுபதில் நின்ற எண்

மார்ச் 3

நொடிக்கு 144 முறை படத்தைப் புதுப்பிக்கும் புதிய 144 ஹெர்ட்ஸ் மானிட்டரை இணைத்து மூன்று நாள்களாகியும், கணினி விளையாட்டு நொடிக்கு 60 ஃபிரேம்களை, அதாவது 60 படங்களை, தாண்டவில்லை. கிராபிக்ஸ் அமைப்புகளை உச்சத்திலிருந்து அடிமட்டம் வரை இறக்கிப் பார்த்தேன். நிழல்களும் புல்வெளியும் மங்கினவே தவிர, திரையின் மூலையில் இருந்த எண் அசையவில்லை. கிராபிக்ஸ் கார்டின் பயன்பாடோ 45 சதவீதத்தில் இருந்தது. வன்பொருள் திணறினால் எண் 53, 61, 48 என்று அலையும்; ஆணியடித்தாற்போல் ஒரே இடத்தில் நிற்பதென்றால், எங்கோ ஒரு வரம்பு இடப்பட்டிருக்கிறது என்றே எடுத்துக்கொள்கிறேன்.

மார்ச் 4

விளையாட்டுக்குள்ளும் டிரைவர் மென்பொருளிலும் ஃபிரேம் வரம்பு ஏதும் இல்லை. ஃபிரேம்களைத் திரையின் புதுப்பிப்போடு ஒத்திசைக்கும் வி-சிங்க் மட்டும் இயங்கிக்கொண்டிருந்தது. திரையின் புதுப்பிப்பு வேகத்துக்கு மேல் ஃபிரேம்களை அது விடாது என்பதால், இயங்குதளத்தின் மேம்பட்ட திரை அமைப்புகளைத் திறந்தேன். 144 ஹெர்ட்ஸ் மானிட்டர் 60 ஹெர்ட்ஸில் ஓடிக்கொண்டிருந்தது. மானிட்டரை மாற்றுகிற எவரும் முதலில் பார்க்க வேண்டிய இடம் இது.

மார்ச் 5

வேகத்தை 144-க்கு மாற்றியதும் எண் 72-க்கு ஏறி, அங்கே நின்றுவிட்டது. 144-இல் சரிபாதி என்பது கண்ணில் பட்டதும் காரணம் விளங்கியது. 144 ஹெர்ட்ஸில் திரை 6.94 மில்லிநொடிக்கு ஒருமுறை புதுப்பிக்கப்படுகிறது. என் கணினிக்கு ஒரு ஃபிரேமை வரைய ஏறத்தாழ 9 மில்லிநொடி ஆகிறது. வரைந்த ஃபிரேமை வைக்கும் நினைவகப் பகுதிகளான இடையகங்கள் இரண்டுடன் மட்டுமே இயங்கும் வி-சிங்க், ஒரு புதுப்பிப்பைத் தவறவிட்ட ஃபிரேமை அடுத்த புதுப்பிப்புவரை நிறுத்திவைப்பதால், இரண்டு சுற்றுக்கு ஒரு ஃபிரேம்தான் வெளியே வருகிறது. வி-சிங்க்கை அணைத்தேன், எண் 105-க்கும் 115-க்கும் இடையே அலையத் தொடங்கியது. படம் குறுக்காகக் கிழிந்து தெரிந்தாலும், அந்த அலைச்சலைக் கண்டதில் எனக்கு உண்மையான மகிழ்ச்சி.

மார்ச் 9

கூட்டம் மிகுந்த சந்தைப் பகுதியில் மட்டும் 65-க்குச் சரிகிறது. தெளிவுத்திறனைப் பாதியாகக் குறைத்தும் மாற்றமில்லை. ஆகவே தடை கிராபிக்ஸ் கார்டில் இல்லை. பிராசசரின் மொத்தப் பயன்பாடு 30 சதவீதம் என்று காட்டியது ஏமாற்றக்கூடியது: பிராசசருக்குள் கணக்கிடும் அலகுகளான கோர்களைத் தனித்தனியே பார்த்தபோது ஒன்று முழுச் சுமையில் இருந்தது. பல கோர்களின் சராசரியைப் பார்த்து பிராசசருக்குக் குற்றமில்லை என்று முடிவு கட்டியிருந்தால் வழி தவறியிருப்பேன்.

மார்ச் 10

பிராசசருக்குத் தரவு வந்துசேரும் வழியை ஆராய்ந்தேன். 3200 வேகம் என்று குறிக்கப்பட்ட இரண்டு டிடிஆர்4 ரேம்களும் 2133 வேகத்தில் இயங்கின. அதோடு, இரண்டும் அடுத்தடுத்த ஸ்லாட்டுகளில் இருந்ததால் பிராசசருக்குச் செல்லும் ஒரே தரவுப் பாதையில் (சேனலில்) அமர்ந்திருந்தன. மதர்போர்டின் கையேட்டில் சொன்னபடி, பிராசசரிலிருந்து எண்ணி இரண்டாவது, நான்காவது ஸ்லாட்டுகளுக்கு மாற்றி, மதர்போர்டின் அடிப்படை அமைப்புத் திரையான பயாஸில், ரேமைக் குறித்த வேகத்தில் ஓடவைக்கும் எக்ஸ்எம்பி-யை இயக்கினேன். அதே சந்தையில் இப்போது 88.

மார்ச் 12

இந்த மானிட்டர் புதுப்பிப்பு வேகத்தை ஃபிரேமுக்கேற்ப மாற்றிக்கொள்ளக்கூடியது. அதை இயக்கியதும் கிழிசல் மறைந்தது. ஆயினும் 115-இலிருந்து 88-க்கு இறங்கும் கணம் கைக்கு உறுத்துகிறது. விளையாட்டின் வரம்பை நானே 90 என்று வைத்தேன். ஒவ்வொரு ஃபிரேமுக்கும் ஏறத்தாழ 11 மில்லிநொடி. சந்தைக்குள் நுழைந்து திரும்பும்போதும் காட்சி சீராக நகர்கிறது.