காது இரைச்சலையும் தலைசுற்றலையும் தனித்தனியே சொல்லிக்கொண்டிருந்த பதினான்கு மாதங்கள்

முதன்முறை தலைசுற்றியபோது நான் வகுப்பில் கரும்பலகையில் எழுதிக்கொண்டிருந்தேன். எழுதிய வரி பக்கவாட்டில் ஓடத் தொடங்கியது. சுவரைப் பற்றியபடி தரையில் அமர்ந்து கண்களை மூடியும் சுழற்சி நிற்கவில்லை. இரண்டு முறை வாந்தியெடுத்து, ஏறத்தாழ மூன்று மணி நேரம் கழித்துத்தான் எழுந்து நிற்க முடிந்தது. அன்று காலையிலிருந்தே என் வலக்காது, குளிக்கும்போது நீர் புகுந்ததுபோல் அடைத்திருந்ததையும், பக்கத்து வீட்டில் கிரைண்டர் ஓடுவது போன்ற தாழ்ந்த இரைச்சல் அதற்குள் கேட்டுக்கொண்டிருந்ததையும் நான் யாரிடமும் சொல்லவில்லை. இரண்டுக்கும் தொடர்பிருக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

பித்தம் என்றார் என் மாமியார். சுக்குக் கஷாயம் குடித்தேன். பொது மருத்துவர் ரத்த அழுத்தமும் சர்க்கரையும் சரியாக இருப்பதாகச் சொன்னார். அடுத்துப் போன ஒரு மருத்துவமனையில் கழுத்தை எக்ஸ்ரே எடுத்து, எலும்புத் தேய்மானம் என்று சொல்லிக் கழுத்துப்பட்டை மாட்டிவிட்டார்கள். நடுத்தர வயதில் பலருடைய கழுத்துப் படத்திலும் ஓரளவு தேய்மானம் தெரியும் என்பதை நான் பின்னால்தான் அறிந்தேன்; வெயில் காலத்தில் மூன்று மாதம் அந்தப் பட்டையோடு பாடம் நடத்தியதை நினைத்தால் இன்றும் மனம் ஆறவில்லை. காது இரைச்சலுக்கோ வேறொரு நாள், வேறொரு மருத்துவரிடம் போனேன். அவர் காதுக் குறும்பியை எடுத்துவிட்டு, வயதானால் இப்படித்தான் என்றார். தலைசுற்றலைப் பற்றி அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

என் அக்காதான் ஒரு நோட்டுப் புத்தகத்தைக் கொடுத்து, தலைசுற்றல் எத்தனை மணிக்குத் தொடங்கியது, எவ்வளவு நேரம் நீடித்தது, அதற்கு முன் உடம்பில் என்ன மாற்றம் தெரிந்தது என்று ஒவ்வொரு முறையும் எழுதச் சொன்னார். ஐந்து மாதத்தில் ஏழு முறை எழுதினேன். மிகக் குறைந்தது நாற்பது நிமிடம், மிக அதிகம் ஐந்து மணி நேரம். ஆறு முறை, சுழற்சிக்கு முன்பே வலக்காது அடைத்து இரைச்சல் ஏறியிருந்தது.

அந்த நோட்டை எடுத்துக்கொண்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் காது மூக்கு தொண்டைப் பிரிவுக்குப் போனேன். “தலை லேசாக இருக்கிறதா, அல்லது அறையே சுற்றுகிறதா அம்மா?” என்பதுதான் மருத்துவரின் முதல் கேள்வி. பிறகு நோட்டை வாங்கிக் கால அளவுகளை மட்டும் விரலால் தொட்டுத் தொட்டுப் படித்தார். உட்செவியின் கால்சியத் துகள்கள் இடம் பெயர்வதால் வரும் சுற்றல், படுக்கையில் புரளும்போது வந்து ஒரு நிமிடத்துக்குள் அடங்கிவிடும், அதனால் காதில் இரைச்சல் வராது என்றும், சமநிலை நரம்பின் அழற்சியால் வருவது நாள்கணக்கில் நீடிக்கும், ஆனால் கேட்கும் திறனைப் பெரும்பாலும் தொடாது என்றும் விளக்கினார். என்னைக் கட்டிலில் அமர்த்தி, தலையைத் திருப்பிச் சட்டென்று மல்லாக்கப் படுக்கவைத்துக் கருவிழிகளைக் கவனித்தார், எதுவும் நிகழவில்லை. ஒலி புகாத அறையில் எடுத்த ஆடியோகிராமில், வலக்காது 250, 500 ஹெர்ட்ஸ் ஆகிய தாழ்ந்த ஒலிகளை மட்டும் சரியாகக் கேட்கவில்லை என்று தெரிந்தது. செவி நரம்பில் கட்டி எதுவும் இல்லை என்பதை உறுதிசெய்ய எம்.ஆர்.ஐ. எடுத்த பிறகே நோயின் பெயரைச் சொன்னார்: மெனியர் நோய்.

பாரிஸ் மருத்துவரான புரோஸ்பர் மெனியர், இத்தகைய தலைசுற்றல் மூளையிலிருந்து அல்ல, உட்செவியிலிருந்தே எழக்கூடும் என்று 1861இல் எடுத்துரைத்தவர். கேட்பதற்கான நத்தைச் சுருள் போன்ற உறுப்பும், உடலின் சமநிலையை உணர்த்தும் அரைவட்டக் குழல்களும் அடுத்தடுத்த இரண்டு கருவிகள் அல்ல. ஒரே திரவம் ஓடும் ஒரே சவ்வுக் குழாயின் இரண்டு பகுதிகள். இரண்டின் செய்தியையும் மூளைக்குக் கொண்டுபோவதும் எட்டாவது மூளை நரம்பு ஒன்றுதான். அந்தத் திரவம் மிகுந்து சவ்வு உப்பும்போது ஒரு பக்கம் அடைப்பும் இரைச்சலுமாகவும், மறுபக்கம் சுழற்சியாகவும் வெளிப்படுகிறது. மருத்துவர் இதைத் தாளில் வரைந்து காட்டியபோது, ஒரே நோயின் இரண்டு பாதிகளை இரண்டு வாசல்களில் கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறேன் என்பது எனக்கு விளங்கியது.

அந்தத் திரவம் மிகாதிருக்க, உப்பைக் குறைப்பதே முதல் வேலையாயிற்று. ஊறுகாய், அப்பளம், மோர்மிளகாய், கருவாடு எல்லாம் நின்றன. கஞ்சிக்கு உப்பில்லாமல் பழக இரண்டு மாதமாயிற்று. இந்தச் சுற்றலுக்குக் கொடுக்கப்படும் பீட்டாஹிஸ்டின் மாத்திரையும் தந்தார். 2016இல் வெளியான ஒரு ஜெர்மானிய ஆய்வில், மருந்தில்லாத மாத்திரை உண்டவர்களுக்கும் இதற்கு இணையாகவே தலைசுற்றல் தாக்குதல்கள் குறைந்திருந்தன என்பதையும் மறைக்காமல் சொல்லி, சில மாதம் பார்த்து முடிவெடுப்போம் என்றார். அந்த நேர்மையாலேயே அவர்மீது எனக்கு நம்பிக்கை கூடியது. ஒரு காது திடீரென்று கேளாமல் போனாலோ, சுற்றலோடு பேச்சு குழறினாலோ, முகம் கோணினாலோ, கை கால் தளர்ந்தாலோ, வழக்கமான தாக்குதல் என்று எண்ணிக் காத்திராமல் உடனே மருத்துவமனைக்கு வரவேண்டும் என்பதை மட்டும் இருமுறை வலியுறுத்தினார்.

கடந்த ஒன்பது மாதங்களில் இரண்டு முறைதான் சுற்றியது. இரைச்சல் முழுவதும் போகவில்லை. வலக்காதின் கேட்கும் திறன் முன்பிருந்த அளவுக்குத் திரும்பவும் இல்லை. அடைப்பு ஏறுவது தெரிந்ததும் எங்கிருந்தாலும் உட்கார்ந்துவிடுகிறேன். மாணவிகளுக்கும் சொல்லி வைத்திருக்கிறேன். வகுப்பில் என் மேசையை வலப்பக்கச் சுவரை ஒட்டிப் போட்டுக்கொண்டதால், கேள்வி கேட்கும் பிள்ளைகளின் குரல் எல்லாம் இடக்காதுப் பக்கமிருந்தே வருகிறது.